டிரிப்ஸ் பையிலிருந்து ரசாயனம் கசிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை மருந்தகத்தில், நரம்பு வழியாக ஏற்றும் மருந்துகளைக் கலந்து கொடுப்பது என் வேலை. "பிளாஸ்டிக் பாட்டில்ல இருக்கிற தண்ணி நேரா ரத்தத்துக்குப் போகுதே, அதுல விஷம் இறங்காதா?" என்று கேட்காத உறவினர்கள் குறைவு. சிலர் பயந்துபோய்த் தேவையான டிரிப்ஸையே வேண்டாம் என்கிறார்கள். உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடத்தில் இருக்கும் சிலருக்கோ கேள்வி கேட்கத் தெரிவதில்லை. இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன்.

பிளாஸ்டிக்கிலிருந்து ரசாயனம் கசிகிறது என்பது உண்மையா, வாட்ஸ்ஆப் புரளியா?

உண்மைதான். ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கிலிருந்தும் கசிவதில்லை, எல்லா மருந்துக்கும் ஒரே அளவில் கசிவதுமில்லை. பை எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது, உள்ளே இருப்பது தண்ணீர் போன்றதா எண்ணெய்ப் பசை உள்ளதா, ஏற்றிக்கொள்பவர் யார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டுப் பேசும்போதுதான் அது புரளியாகிறது.

அது என்ன ரசாயனம்? மருந்துப் பையில் அதை ஏன் சேர்க்கிறார்கள்?

பெயர் டைஎத்தில்ஹெக்ஸைல் தாலேட். சுருக்கமாக டிஇஎச்பி என்பார்கள்.

பல மருத்துவப் பைகள் பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. பிவிசி இயல்பில் விறைப்பானது. வீட்டுச் சுவரில் போகும் தண்ணீர்க் குழாயும் பிவிசிதான். அதையே துணிபோல மடங்க வைக்க வேண்டுமானால், மிருதுவாக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்த்துப் பிசைய வேண்டும். மருத்துவப் பைகளில் அந்த வேலையை டிஇஎச்பி செய்கிறது. கொஞ்சநஞ்சம் அல்ல, பையின் எடையில் 20 முதல் 40 சதவீதம் வரை அதுதான் இருக்கும். கையில் ஒரு பிவிசி பையைப் பிடித்திருக்கிறீர்கள் என்றால், அதில் ஐந்தில் ஒரு பங்காவது பிளாஸ்டிக்கே அல்லாத வேறொரு திரவத்தைப் பிடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பொருள் பிவிசியோடு ரசாயனப் பிணைப்பு எதுவும் இல்லாமல் இடுக்குகளில் வெறுமனே தங்கியிருக்கிறது. வாய்ப்பு கிடைத்தால் வெளியே வந்துவிடும். பழைய ஸ்கூட்டரின் ரெக்சின் சீட் நாளாக ஆக விறைத்து வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருந்த மிருதுவாக்கி மெல்ல வெளியேறுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நம் ஊரில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டிலிலும் இது இருக்கிறதா?

பெரும்பாலும் பாட்டிலில் இருக்காது, டியூபில் இருக்கலாம். இதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இந்தியாவில் சலைன் என்ற உப்புத் தண்ணீர், ஆர்.எல். என்ற தாது உப்புக் கரைசல், டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் தண்ணீர் ஆகியவை பரவலாக வருவது பால்நிறத்தில் இருக்கும், மேசையில் தானாக நிற்கும் பாட்டில்களில். அவை பாலிஎத்திலீனால் ஆனவை. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, பாட்டிலாக ஊதி, மருந்தை நிரப்பி, வாயை மூடுவது வரை ஒரே இயந்திரத்தில் நடந்து முடியும். பாலிஎத்திலீன் இயல்பிலேயே வளைந்துகொடுக்கும் என்பதால் அதற்கு மிருதுவாக்கி தேவையில்லை. பாலிப்ராப்பிலீன் பாட்டிலுக்கும் அப்படித்தான்.

கண்ணாடிபோலத் தெளிவாக, மருந்து இறங்க இறங்கத் துணிப்பைபோலச் சுருங்கிக்கொள்ளும் பை வந்தால் அது பிவிசியாக இருக்கலாம், பிவிசி அல்லாத பல அடுக்குப் பையாகவும் இருக்கலாம். பார்வையால் சொல்ல முடியாது, உறையைப் படிக்க வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் எண் அச்சாகியிருந்தால் 3 என்பது பிவிசி, 4 என்பது பாலிஎத்திலீன், 5 என்பது பாலிப்ராப்பிலீன்.

ஆனால் பாட்டிலிலிருந்து கைக்கு வரும் டியூப், அதாவது ஐவி செட், பெரும்பாலும் பிவிசிதான். ரத்தப் பைகளும் பெரும்பாலும் பிவிசிதான். ஆகவே "நம் பாட்டில் பாலிஎத்திலீன், கவலை முடிந்தது" என்று சொல்லிவிட முடியாது.

சாதாரண சலைன் ஏற்றினால் எவ்வளவு உள்ளே போகும்?

மிகக் குறைவு. டிஇஎச்பி எண்ணெயில் கரையும், தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது. மிளகாய்த்தூளைத் தண்ணீரில் போட்டால் அடியில் போய்த் தங்கும். அதையே சூடான எண்ணெயில் போட்டால் சிவப்பு முழுவதும் எண்ணெய்க்கு இறங்கிவிடும், வற்றல் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பார்த்தால் தெரியும். உப்புத் தண்ணீரும் குளுக்கோஸ் தண்ணீரும் வெறும் தண்ணீர் மாதிரி. பையில் இருக்கும் டிஇஎச்பியை இழுக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை.

கணக்காகவே சொல்கிறேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001இல் வெளியிட்ட பாதுகாப்பு மதிப்பீட்டில், பிவிசி பையிலிருந்து சலைன் வகைத் திரவம் ஏற்றும் பெரியவருக்கு ஒரு நாளில் போகக்கூடிய அளவை உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.005 மில்லிகிராம் என்று கணித்தார்கள். ரத்தத்தின் வழியாக நாள்தோறும் போனாலும் தாங்கக்கூடியது என்று அவர்கள் வைத்த எல்லை கிலோவுக்கு 0.6 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எல்லை 30 மில்லிகிராம், போவது கால் மில்லிகிராம். அதாவது 120 மடங்கு கீழே.

வயிற்றுப்போக்கால் துவண்டு கிடக்கும் ஒருவருக்கு, டெங்குவில் ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு, இந்தக் கால் மில்லிகிராமைக் காரணம் காட்டி டிரிப்ஸை மறுப்பது உயிரோடு விளையாடுவது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அப்படியானால் எந்த மருந்துகள் அதிகமாகக் கசிய வைக்கும்?

தண்ணீரில் கரையாத மருந்துகளைக் கரைப்பதற்காகச் சேர்க்கும் சோப்புத்தன்மை உள்ள பொருள்கள்தான் முதல் குற்றவாளி. மார்பகப் புற்றுக்கும் சினைப்பைப் புற்றுக்கும் கொடுக்கும் பாக்ளிடாக்சலில் கிரெமோஃபோர் என்ற விளக்கெண்ணெய் வழிப் பொருள் இருக்கிறது. டோசிடாக்சலிலும் எட்டோபோசைடிலும் பாலிசார்பேட் 80 இருக்கிறது. மருந்தைக் கரைக்கும் அதே கையால் பையில் இருக்கும் டிஇஎச்பியையும் இவை கரைத்துக்கொண்டு வந்துவிடும். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு நரம்பு வழி கொடுக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், இதயத்துடிப்பு தாறுமாறாகும்போது கொடுக்கும் அமியோடரோன் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. வாய்வழி சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் பால்போன்ற கொழுப்புக் கரைசலும் அப்படியே.

பாக்ளிடாக்சலின் தகவல் தாளிலேயே தெளிவாக இருக்கிறது: கண்ணாடி, பாலிப்ராப்பிலீன், பாலியோலிஃபின் கலனில் கலக்க வேண்டும், பாலிஎத்திலீன் உட்பூச்சு உள்ள செட்டில் ஏற்ற வேண்டும், 0.22 மைக்ரான் வடிகட்டி மாட்ட வேண்டும். இதை வார்டில் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்களா என்பது வேறு கேள்வி. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பாட்டிலைச் சரியாகப் பார்த்துக் கலந்து அனுப்பிவிட்டு, மேலே போய்ப் பார்த்தால் சாதாரண செட்டை மாட்டியிருந்தார்கள். "ஸ்டாக் இல்லை மேடம்" என்றார் அந்தச் சிஸ்டர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஸ்டோரில் வாங்கி வைக்காததுதான் கோளாறு. ஆனால் அந்தப் படுக்கையில் இருந்த அம்மாவுக்கு அது தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இன்றுவரை அந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து ரசாயனம் மருந்துக்கு வருவதுபோல, மருந்தும் பிளாஸ்டிக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நெஞ்சுவலிக்கு ஏற்றும் நைட்ரோகிளிசரினில் 40 முதல் 80 சதவீதம் வரை பிவிசி டியூப் உறிஞ்சிக்கொள்ளும் என்று அதன் தகவல் தாளே எச்சரிக்கிறது. இன்சுலினும் டியூபின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நோயாளிக்கு உடனடியாக வரும் ஆபத்து என்று பார்த்தால், பல வேளைகளில் கசிவை விட இந்த உறிஞ்சல்தான் பெரிது.

இது எப்போது தெரியவந்தது?

ஐம்பது ஆண்டுக்கும் மேலாகிவிட்டது. 1950இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கார்ல் வால்டரும் வில்லியம் மர்ஃபியும் ரத்தத்தைச் சேமிக்கக் கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி உடையும், காற்று உள்ளே புகும், போர்க்களத்தில் சுமக்க முடியாது. பை அந்தச் சங்கடங்களைத் தீர்த்தது.

1970 வாக்கில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஜேகர், ராபர்ட் ரூபின் இருவரும் பிளாஸ்டிக் கருவிகளிலிருந்து மிருதுவாக்கி கசிவதைக் கண்டுபிடித்தார்கள். ரத்தப் பையில் 21 நாள் இருந்த ரத்தத்தில் 100 மில்லிக்கு 5 முதல் 7 மில்லிகிராம் டிஇஎச்பி இருந்தது. ரத்தம் ஏற்றப்பட்டவர்களின் உடல் திசுக்களிலும் அது இருந்தது. அதாவது பிரச்சினை தெரியாமல் இத்தனை காலம் ஓடவில்லை, தெரிந்தே ஓடியிருக்கிறது.

உள்ளே போனால் உடலை என்ன செய்யும்?

உடலில் டிஇஎச்பி உடைந்து எம்இஎச்பி என்ற இன்னொரு பொருளாகிறது. தொல்லை கொடுப்பது முக்கியமாக இதுதான். எலிகளில் நடந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: கருவில் இருக்கும் ஆண் குட்டிக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு குறைகிறது, விரை கீழே இறங்காமல் போகிறது, சிறுநீர்த்துளை இடம் மாறுகிறது, பின்னாளில் விந்து உற்பத்தி குறைகிறது. மார்மோசெட் குரங்குகளில் செய்த ஆய்வுகளில் விரைக்கு அந்த அளவு பாதிப்பு தெரியவில்லை. மனிதருக்கு எது பொருந்தும் என்ற வாதம் அங்கிருந்துதான் கிளம்பியது.

பெரியவர் ஒருவரின் உடல் இதைத் தேக்கி வைப்பதில்லை, பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். ஒரு முறை டிரிப்ஸ் போட்டது வாழ்நாள் முழுதும் உள்ளேயே இருக்கும் என்ற பயம் தேவையில்லை.

புற்றுநோய் வருமா?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 1980களில் "மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடிய சாத்தியம் உண்டு" என்ற 2பி பிரிவில் வைத்தது. எலியின் கல்லீரலில் கட்டி வரும் வழி மனிதருக்குப் பொருந்தாது என்று 2000இல் மூன்றாம் பிரிவுக்கு இறக்கியது. அந்த ஒரு வழியால் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்று 2011இல் மீண்டும் 2பிக்கு ஏற்றியது. 2பி என்பது சந்தேகப் பட்டியல், தீர்ப்பு அல்ல.

யாருக்குத்தான் உண்மையிலேயே கவலை?

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் குழந்தைகளுக்கு, அதிலும் ஆண் குழந்தைகளுக்கு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். மூக்கில் உணவுக் குழாய், தொண்டையில் சுவாசக் குழாய், தொப்புளில் ஒரு மெல்லிய குழாய், கையில் ஓர் ஊசி. பால் குடிக்க முடியாததால் கொழுப்புக் கரைசல் நரம்பு வழியாக ஏறுகிறது. அடிக்கடி ரத்தமும் ஏற்றுகிறார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது எல்லாம் சேர்ந்து அந்த ஒரு கிலோ உடலுக்குள் போகிறது. பெரியவர் உடல் இந்தப் பொருளை வேறொன்றோடு பிணைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். பச்சிளங்குழந்தையின் கல்லீரலுக்கு அந்தத் திறமை இன்னும் வந்திருக்காது. உறுப்புகள் உருவாகி முடியாத காலம் வேறு.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அந்த 2001 மதிப்பீட்டிலேயே, பிவிசி பையில் கொழுப்பு கலந்து ஏற்றப்படும் பச்சிளங்குழந்தைக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் வரை போகலாம் என்று இருக்கிறது. எல்லை 0.6 என்பதை நினைவில் வையுங்கள். மஞ்சள் காமாலை மிகுந்து ரத்தத்தையே முழுதாக மாற்றும்போது 22.6 வரை போகலாம். ஒரு தடவைதான் என்றாலும் எல்லையைப்போல 37 மடங்குக்கும் மேல். அதற்காக ரத்தம் மாற்றுவதை நிறுத்த முடியாது, மாற்றாவிட்டால் மூளை கெட்டுவிடும். மாற்ற வேண்டியது சிகிச்சையை அல்ல, குழாயையும் பையையும்.

2002 ஜூலையில் அந்த நிர்வாகம் மருத்துவமனைகளுக்கு நேரடியாகவே எழுதியது: ஆண் பச்சிளங்குழந்தைகள், ஆண் சிசுவைச் சுமக்கும் தாய்மார், பருவமடையும் வயதுப் பையன்கள் ஆகியோருக்கு, மாற்றுக் கருவி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் தேவையான சிகிச்சையை நிறுத்தாதீர்கள். அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2006இல், தீவிர சிகிச்சையில் இருக்கும் ஆண் குழந்தைகளைப் பற்றி "கடுமையான கவலை" என்ற சொல்லைப் பயன்படுத்தியது. அவர்களுடைய அளவுகோலில் அதற்கு மேலே வேறு படி கிடையாது.

ஆண் குழந்தைகளோடு இது முடிந்துவிடவும் இல்லை. நரம்பு வழி உணவு பெறும் பச்சிளங்குழந்தைகளுக்குப் பித்தம் தேங்கிக் கல்லீரல் கெடுவது தெரிந்த சிக்கல். ஜெர்மனியில் ஒரு பிரிவில் பிவிசி குழாய்களை எடுத்துவிட்டு டிஇஎச்பி இல்லாதவற்றை மாட்டியபின் இந்தச் சிக்கல் 50 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்கு இறங்கியதாக 2009இல் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான், முன்பு பின்பு என்று ஒப்பிட்டதுதான். ஆனாலும் குழாயை மாற்றுவது எவ்வளவு எளிய காரியம் என்று நினைக்கும்போது அந்த எண் என்னை உறுத்துகிறது. பெல்ஜியத்தில் லூவென் ஆய்வாளர்கள் 2016இல், தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த டிஇஎச்பிக்கும் சில ஆண்டு கழித்து அவர்களுக்கு வந்த கவனக்குறைவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னார்கள். தொடர்பு என்பது காரணம் ஆகாது. ஆனாலும் ஒதுக்கிவிட முடியாத செய்தி.

எதிர்ப்பக்கத்தையும் சொல்வது நியாயம். ரத்தத்தை உடலுக்கு வெளியே பிளாஸ்டிக் குழாய்களில் சுற்றவிட்டு ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ இயந்திரத்தில் பிறந்தவுடன் வைக்கப்பட்டுப் பிழைத்து, பதின்வயதை எட்டிய ஒரு சிறு குழுவை வாஷிங்டனில் பரிசோதித்தார்கள். வளர்ச்சியும் பருவமடைதலும் இயல்பாகவே இருந்தன. இருபது பேருக்கும் குறைவானவர்கள் என்பதால் இதை வைத்து எல்லோருக்கும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அப்படிப் பிழைத்து வந்த ஒரு பிள்ளையின் தாய் இதைப் படித்தால் கொஞ்சம் மூச்சு விடட்டும்.

கர்ப்பமாக இருக்கிறேன். வாந்திக்கு டிரிப்ஸ் போட்டார்கள். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். அது தண்ணீர் வகை. நீர்ச்சத்து வற்றிப்போவதுதான் உங்களுக்கும் குழந்தைக்கும் அதிக ஆபத்து.

ரத்தம் ஏற்றிக்கொள்வது பாதுகாப்பானதா? ரத்தப் பையில் இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கான பதில் பலருக்கும் வியப்பாக இருக்கும். டிஇஎச்பி ரத்தத்துக்கு ஒரு நன்மையும் செய்கிறது. சிவப்பணுவின் உறையில் போய் உட்கார்ந்து அது சீக்கிரம் உடையாமல் காக்கிறது. எஸ்ஏஜிஎம் என்ற சேமிப்புக் கரைசலோடு சிவப்பணுவை 42 நாள் வரை வைத்திருக்க முடிவதில் இதற்கும் பங்கு உண்டு. இதை எடுத்துவிட்டு வேறெதையும் செய்யாமல் விட்டால் அணுக்கள் அதிகம் உடையும், ரத்த வங்கியில் வீணாகும் பைகள் கூடும். பிரசவத்தில் ரத்தம் கொட்டும் ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தில் பை கிடைக்காமல் போவதைவிடப் பெரிய கேடு எதுவும் இல்லை.

மாற்றுகள் இருக்கின்றன. டிஐஎன்சிஎச், டிஇஎச்டி, சிட்ரேட் வகையான பிடிஎச்சி ஆகிய மிருதுவாக்கிகளோடு பைகள் செய்கிறார்கள். சேமிப்புக் கரைசலையும் சேர்த்து மாற்றினால் அணுக்கள் உடைவதைக் கட்டுக்குள் வைக்க முடிகிறது.

இந்தியாவில் ரத்தப் பைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கண்ணாடிப் பாட்டிலில் ரத்தம் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகம் உள்நாட்டிலேயே ரத்தப் பை செய்யும் நுட்பத்தை உருவாக்கி 1980களில் தொழிற்சாலைக்குக் கொடுத்தது. பை வந்ததால்தான் ஒரே ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பிரித்து மூன்று பேருக்குக் கொடுக்க முடிந்தது. டெங்கு காலத்தில் பிளேட்லெட்டுக்காக அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதே நாட்டில் அடுத்த தலைமுறைப் பையையும் செய்ய முடியாதா என்ன?

தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் வேண்டும். அவர்களின் பெற்றோர் தயவுசெய்து எந்தக் காரணத்துக்காகவும் ஒரு தடவையைக்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

டயாலிசிஸ்?

வாரம் இரண்டு மூன்று முறை, மணிக்கணக்கில், ரத்தம் முழுதும் பிவிசி குழாய் வழியாகச் சுற்றுகிறது. ஆகவே கசிவு உண்டு, அது ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. பருவ வயதுப் பையன்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டிஓடிஎம் போன்ற, எளிதில் வெளியே வராத மிருதுவாக்கி உள்ள குழாய்களைக் கேட்பது நல்லது. நோயாளி தனியாகக் கேட்டுக் கிடைப்பது கடினம். மையம்தான் கொள்முதலில் கேட்க வேண்டும்.

பேசாமல் கண்ணாடிப் பாட்டிலுக்கே திரும்பிவிட்டால் என்ன?

கண்ணாடியும் சுத்தமான சாட்சி அல்ல. கண்ணாடிக் குப்பிகளில் வரும் கால்சியம் குளுக்கோனேட் போன்ற மருந்துகளில் அலுமினியம் இறங்குகிறது. குறைமாதக் குழந்தையின் எலும்புக்கும் மூளைக்கும் அது கெடுதல். நரம்பு வழி உணவுக்கான பெரிய அளவுத் திரவங்களில் லிட்டருக்கு 25 மைக்ரோகிராமுக்கு மேல் அலுமினியம் கூடாது என்று அமெரிக்காவில் விதியே போட்டிருக்கிறார்கள். மேலும், கண்ணாடிப் பாட்டில் சுருங்காது. திரவம் இறங்க வெளிக்காற்று உள்ளே போயாக வேண்டும், காற்றோடு கிருமியும் போகலாம்.

நம் வார்டுகளில் விறைப்பான பிளாஸ்டிக் பாட்டிலின் மண்டையில் ஊசி குத்திக் காற்று விடும் பழக்கம் இருக்கிறதே, அதிலும் இதே ஆபத்துதான். மிருதுவாக்கியைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அந்த ஊசியைப் பற்றியும் கேட்க வேண்டும்.

பிபிஏ என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பிபிஏ பாலிகார்பனேட் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வருவது. "பிபிஏ இல்லை" என்று எழுதியிருந்தால் டிஇஎச்பி இல்லை என்று பொருள் ஆகாது.

பாலிப்ராப்பிலீன் பாட்டிலில் எதுவுமே வராதா?

மிருதுவாக்கி வராது. ஆனால் நுண்பிளாஸ்டிக் துகள் வருகிறது. பாலிப்ராப்பிலீன் பைகளைச் சோதித்த சீன ஆய்வாளர்கள் லிட்டருக்குச் சுமார் 7,500 துகள்கள் இருப்பதாக 2025இல் அறிவித்தார்கள். ரத்தத்தில் நேராகப் போகும் துகள் என்ன செய்யும் என்பதை அறிவியல் இப்போதுதான் ஆராயத் தொடங்கியிருக்கிறது.

மற்ற நாடுகள் என்ன செய்திருக்கின்றன? இவ்வளவு தெரிந்தும் ஏன் இத்தனை தாமதம்?

குழந்தைகளின் பொம்மைகளில் டிஇஎச்பி 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று அமெரிக்கா 2008இல் சட்டம் போட்டுவிட்டது. ஐரோப்பா அதற்கும் முன்பே கட்டுப்படுத்தியது. வாயில் வைத்துச் சப்பும் பொம்மைக்கு 0.1 சதவீதம், ரத்தத்தில் நேராக இறங்கும் குழாய்க்கு 30 சதவீதம். எத்தனை முறை யோசித்தாலும் இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பிரான்ஸ் ஒரு படி முன்னே போய், குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், மகப்பேறு வார்டுகளில் டிஇஎச்பி உள்ள குழாய்களை 2015 ஜூலை முதல் தடை செய்தது. முதலில் யாரைக் காக்க வேண்டுமோ அவர்களிடமிருந்து தொடங்கியிருக்கிறார்கள், அந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017 மருத்துவக் கருவி விதியின்படி, உடலுக்குள் போகும் கருவிகளில் இத்தகைய பொருள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ஏன் வேண்டும் என்று உற்பத்தியாளர் நியாயம் காட்ட வேண்டும், உறையிலும் எழுத வேண்டும். கலிபோர்னியா 2024இல் போட்ட சட்டப்படி 2030 முதல் டிரிப்ஸ் பைகளிலும் 2035 முதல் குழாய்களிலும் டிஇஎச்பி கூடாது. ரத்தப் பைகளுக்கு அதில் விலக்கு உண்டு.

தாமதத்துக்குச் சோம்பலும் லாபமும் மட்டும் காரணம் அல்ல. பையின் பிளாஸ்டிக்கை மாற்றினால், அதில் வைக்கும் ஒவ்வொரு மருந்தும் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று முதலிலிருந்து சோதிக்க வேண்டும். இயந்திரங்களை மாற்ற வேண்டும். 2024 செப்டம்பரில் ஹெலன் புயல் வட கரோலினாவில் பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஒரு தொழிற்சாலையை மூழ்கடித்தபோது, அமெரிக்காவின் டிரிப்ஸ் திரவத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. இப்படி ஒரு கயிற்றில் தொங்கும் விநியோகத்தை ஒரே நாளில் மாற்றச் சொல்ல முடியாது. ஆனால் 1970இலிருந்து எண்ணினால், கொடுத்த காலம் போதும்.

வெயிலில் நின்ற வண்டியில் பாட்டில்கள் கிடந்தன. அவற்றைப் பயன்படுத்தலாமா?

சூடு கூடக் கூட, நாள் கூடக் கூடக் கசிவு கூடும். பாட்டிலிலேயே சேமிப்பு வெப்பநிலை அச்சடித்திருப்பார்கள். சித்திரை வெயிலில் அட்டைப்பெட்டியோடு வாசலில் இறக்கிவைக்கும் கிளினிக்குகளைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. கசிவை விடுங்கள், மருந்தே கெடலாம்.

உடம்பு அசதியாக இருந்தால் தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் போட்டுக்கொள்வேன். தப்பா?

500 மில்லி டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதக் கரைசலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன். அதைப் பானகமாகக் குடித்துவிடலாம். வாயால் குடிக்க முடிந்தவருக்கு ஊசி, பை, டியூப் எதுவும் தேவையில்லை. வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் இருக்கிறது. தேவையில்லாத டிரிப்ஸைத் தவிர்ப்பது, பிளாஸ்டிக் கசிவைத் தவிர்க்க நம் கையில் இருக்கும் சுலபமான வழி.

மருத்துவமனையில் நான் என்ன கேட்க வேண்டும்?

சலைன் போடும்போது எதுவும் கேட்க வேண்டியதில்லை. பாக்ளிடாக்சல், டோசிடாக்சல் போன்ற கீமோ என்றால், "இது நான்-பிவிசி செட்டா சிஸ்டர்? ஃபில்டர் போட்டிருக்கா?" என்று கேளுங்கள். ஃபில்டர் கேள்வி பாக்ளிடாக்சலுக்கு மட்டும். பில்லில் அந்த செட்டுக்குத் தனியாகக் காசு வாங்கியிருக்கலாம், ஆகவே கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.

குழந்தை என்ஐசியுவில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் பொறுமையாகக் கேளுங்கள்: கொழுப்புக் கரைசல் போகும் டியூப் டிஇஎச்பி இல்லாததா? உணவுக் குழாய் பிவிசியா, பாலியூரித்தேனா? பிவிசி உணவுக் குழாய் சில நாளில் விறைத்துவிடும், விறைப்பது எதனால் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பதில் "இல்லை" என்று வந்தால் சண்டை போடாதீர்கள், சிகிச்சையை நிறுத்தச் சொல்லாதீர்கள். வெளியிலிருந்து வாங்கித் தர முடியுமா என்று கேட்கலாம். தாய்ப்பால் கொடுக்கும் நிலைக்குக் குழந்தை வந்ததும் டியூபை எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம் என்றும் கேட்கலாம்.

உறையில் பார்க்க வேண்டியது இதுதான்: ஆங்கிலத்தில் பி, எச், டி என்ற மூன்று பெரிய எழுத்துகளும் அருகில் டி, இ, எச், பி என்றும் ஒரு குறி இருந்தால் அந்தப் பொருள் உள்ளே இருக்கிறது. அதே குறியின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் இல்லை. குறியே இல்லாவிட்டால் உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியது உங்கள் வேலை அல்ல, என்னைப் போன்ற மருந்தாளுநர்களின் வேலை.